கோடை விடுமுறையில் காரில் கொடைக்கானல் ஏரிகளைச் சுற்ற மூன்று நாள் போதுமா?

போதும். ஆனால் எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்பதைவிட, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதுதான் முக்கியம். மே மாதத்தில் காலை பத்து மணிக்கு மேல் ஊருக்குள் வண்டி எடுத்தால், ஏரியை விட முன்னால் நிற்கிற காரின் நம்பர் பிளேட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பீர்கள். மதுரையிலிருந்து சொந்தக் காரில், வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளுமாக வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதை மனதில் வைத்தே சொல்கிறேன்.

முதலில் இ-பாஸ், அதாவது வண்டியோடு மலை ஏற ஆன்லைனில் எடுக்கும் அனுமதி. உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் இது கட்டாயம். கட்டணம் கிடையாது. 2025 சீசனில் நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று வரம்பும் வந்தது: வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. எனவே ரூம் போடுவதற்கு முன்னால் பாஸ் கிடைக்கிறதா என்று பாருங்கள், பலர் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். வண்டி எண்ணில் ஓர் எழுத்து தவறினாலும் சோதனைச்சாவடியில் ஓரங்கட்டுவார்கள். ஞாயிறு ஏறி செவ்வாய் இறங்குவது நல்லது. ஞாயிறன்று கூட்டம் இறங்கும்போது நீங்கள் ஏறுவீர்கள்.

தண்ணீர் பாட்டிலும் அங்கே தலைவலிதான். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டிலில் எடுத்து வந்துவிடுங்கள்.

மதுரையில் ஐந்து மணிக்குக் கிளம்பி, வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோடு என்ற இடத்தில் திரும்பினால் மலை தொடங்கிவிடும். அங்கிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் ஏற்றம். வாந்தி வருகிறவர்களை முன் சீட்டில் உட்கார வையுங்கள். வெறும் வயிறும் ஆகாது, பூரி கிழங்கும் ஆகாது. இரண்டு இட்லி சரியாக இருக்கும். மாத்திரை போடுவதென்றால் மலை ஏற அரை மணி நேரத்துக்கு முன்னால். வண்டி ஓட்டுகிறவர் மட்டும் போடக் கூடாது, தூக்கம் வரும். டம்டம் பாறையில் நிறுத்தினால் எதிர்மலையில் தலையாறு அருவியும் கீழே மஞ்சளாறு அணையும் தெரியும். வழியில் வெள்ளி நீர்வீழ்ச்சியில் பிள்ளைகளை இறக்காதீர்கள். அது ஊர் ஏரியின் உபரி நீர்தான். கோடையில் வரத்தும் குறைவு, சுத்தமும் குறைவு. போட்டோ எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

ஊர் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற அதிகாரி ஓடையை மறித்துக் கட்டியது. நட்சத்திரம் மாதிரி கிளை கிளையாக விரிந்திருப்பதால் எதிர்க்கரை பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். நடந்தால்தான் முழுச் சுற்று ஐந்து கிலோமீட்டர் என்பது உறைக்கும். பெரியவர்களை 'சும்மா ஒரு ரவுண்டு' என்று கூட்டிப்போய் பாதியில் தவிக்கவிடுகிறவர்கள் ஏராளம். காலை ஆறிலிருந்து ஏழரை வரை குதிரையும் இருக்காது, வாடகை சைக்கிளும் இருக்காது. மூடுபனி தண்ணீர் மேல் கிடக்கும். அந்த ஒன்றரை மணி நேரத்துக்காகவே முந்தின நாள் இரவு சீக்கிரம் படுக்கலாம். படகில் பெரியவர்களுக்கு, படகோட்டி வந்து துடுப்புப் போடுகிற படகே நல்லது. பெடல் படகில் போகும்போது தெரியாது. காற்றுக்கு எதிரே திரும்பும்போதுதான் தொடை வலி தெரியும். சாலையில் காட்டுமாடு நின்றால் ஹாரன் அடிக்காமல், இறங்காமல், அது போகட்டும் என்று இருங்கள். சாதுவாகத் தெரிவதை நம்பி செல்ஃபி எடுக்கப் போகவே போகாதீர்கள்.

இரண்டாம் நாளில்தான் உங்கள் பயணமே இருக்கிறது: மேல்மலை, அதாவது ஊரைத் தாண்டி மேற்கே உள்ள மலைக்கிராமங்கள். தூண்பாறை, பைன் காடு என்று எல்லோரும் கிளம்புகிற பக்கம் போகாமல், அப்சர்வேட்டரி வழியாகப் பூம்பாறை சாலையைப் பிடியுங்கள். அதற்கு முன் டவுனிலேயே டேங்கை நிரப்பி, மேப்பையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேலே சிக்னல் வரும், போகும். பூம்பாறை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே ஊர், குழந்தை வேலப்பர் கோவில். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு இதுதான். வாங்கினால் தோல் சலசலவென்று காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஈரப்பூண்டைப் பையில் கட்டிக் காரின் டிக்கியில் போட்டால் இரண்டே நாளில் பூசணம்தான்.

அங்கிருந்து இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். ஏழு மணிக்குக் கிளம்பினால் வழியில் நின்று நின்று போனாலும் ஒன்பதரைக்குச் சேர்ந்துவிடலாம். ஏரி சாலையோரத்தில் இல்லை, புல்வெளியில் இறங்கி நடக்க வேண்டும். இறங்குவது சுகம், திரும்பும்போது அதே சரிவு ஏற்றம். இரண்டாயிரம் மீட்டரைத் தொடும் உயரத்தில் மூச்சு சீக்கிரம் வாங்கும் என்பதால், முட்டி வலி உள்ளவர்கள் மேலேயே இருந்து பார்க்கட்டும். பரிசல் சவாரியைப் போன உடனே முடித்துவிடுங்கள், காற்று கிளம்பினால் நிறுத்திவிடுவார்கள். ஒரு மணிக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏப்ரல், மே மாதங்களில் மதியத்துக்கு மேல் கோடை மழை இடியோடு வரும். ஒதுங்க மரமில்லாத புல்வெளியில் மின்னல் நேரத்தில் நிற்பதும், தனி மரத்தடிக்கு ஓடுவதும் இரண்டும் ஆபத்து. மழையோடு பனியும் இறங்கிவிட்டால் அந்தக் குறுகிய சாலையில் எதிரே வரும் பஸ் பத்தடிக்கு வந்த பிறகுதான் தெரியும். அப்போது ஹை பீம் போடாதீர்கள், பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பும்.

காட்டுக்குள் இருக்கும் பேரிஜம் ஏரிக்குப் போகலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அழகில் குறையே இல்லை. ஆனால் வனத்துறை அனுமதி வேண்டும், குறைந்த எண்ணிக்கையில்தான் வண்டி விடுவார்கள், யானை நடமாட்டம் இருந்தால் சொல்லாமல் கொள்ளாமல் மூடிவிடுவார்கள். பெரியகுளத்துக்குக் குடிநீர் போகிற ஏரி என்பதால் படகு, குளியல் எதுவும் இல்லை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு மன்னவனூரை விட இது ஏற்றது. பிள்ளைகளுக்கு அரை மணி நேரத்தில் சலித்துவிடும். இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், வெவ்வேறு சாலை. பேரிஜம் அனுமதி கிடைத்தால் இரண்டாம் நாளை அதற்கே கொடுங்கள், கிடைக்காவிட்டால் மன்னவனூர்.

மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்கு இறங்குங்கள், பழனி வழியாக. பெருமாள்மலையில் பிரியும் அந்தச் சாலையில் வளைவு அதிகம், நெரிசல் குறைவு. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும்: செங்குத்தில் இரண்டாவது, கொண்டை ஊசி வளைவில் தேவைப்பட்டால் ஒன்று. பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் சூடேறிப் பிடிப்பு போகும். பிரேக் ஆயில் பழையதாக இருந்தால் அது இழுத்து வைத்திருக்கும் ஈரம் கொதித்து ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும். ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்புவதற்கு முன் மாற்றுங்கள். எரிந்த வாசம் வந்தால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது, என்ஜினை அணைப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். என்ஜின் அணைந்தால் பிரேக்கும் ஸ்டியரிங்கும் கல்லாகிவிடும். ஆட்டோமேட்டிக் வண்டியென்றால் எல் அல்லது மேனுவல் நிலையில் வையுங்கள். மின்சாரக் காரென்றால் மேலே நூறு சதவீதம் சார்ஜ் ஏற்ற வேண்டாம், இறங்கும்போது மோட்டார் திருப்பி அனுப்பும் ஆற்றல் நிரம்பிய பேட்டரியில் ஏறாது, அதனால் கிடைக்கும் பிரேக் பிடிப்பும் இருக்காது. எண்பது போதும். ஏறிவரும் வண்டிக்கு எப்போதும் வழிவிடுங்கள்.

அடிவாரத்தில் சாலையை ஒட்டியே வரதமாநதி அணை வரும். பிரேக் ஆறவும் பிள்ளைகள் கால் நீட்டவும் அங்கே இருபது நிமிடம் நிறுத்தலாம். மறுபடி வெயில் முகத்தில் அறையும். ஸ்வெட்டரை அங்கேயே கழற்றி டிக்கியில் போட்டுவிடுங்கள்.