கட்டுப் பிரித்தபின் பாதம் மடங்கவில்லையே?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கணுக்கால் எலும்பு முறிந்து 6 வாரம் மாவுக்கட்டு. பிரித்தபின் பாதம் வீங்குகிறது, மடங்கவும் மாட்டேன் என்கிறது. எண்ணெய் போட்டு நீவலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: முறிந்த இடத்தை அழுத்தி நீவவே வேண்டாம். கூடிய எலும்பு இன்னும் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. அசையாமல் கிடந்ததில் மூட்டு இறுகி, கெண்டைக்கால் தசையும் மெலிந்திருக்கும். அதற்கு அசைவுதான் மருந்து.

காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து 5 விநாடி நிறுத்தி, பிறகு கீழே தள்ளச் சொல்லுங்கள். வேளைக்கு 10 முறை, நாளுக்கு நாலு வேளை. டாக்டர் சரி என்றதும், பாதத்தின் முன்பகுதியில் துண்டை மாட்டி மெதுவாக இழுத்து 20 விநாடி பிடிக்கலாம். முழங்கால் மடங்கக் கூடாது. மடங்கினால் கெண்டைத் தசை சரியாக நீளாது.

காலைத் தொங்கவிட்டே உட்கார்ந்தால் வீக்கம் வடியாது. படுத்து, தலையணைகளை அடுக்கி, நெஞ்சைவிட உயரமாகக் காலை வையுங்கள்.

எவ்வளவு எடை ஊன்றலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். 20 கிலோ என்றால், எடை மெஷினில் அந்தக் காலை வைத்து முள் 20-ஐத் தொடும்வரை அழுத்திப் பழகட்டும், அளவு பிடிபட்டுவிடும். கைத்தடி நல்ல கால் பக்கத்துக் கையில்தான் இருக்க வேண்டும். பலரும் மாற்றிப் பிடித்து இடுப்பு வலியையும் சேர்த்துக்கொள்கிறார்கள். படி ஏற நல்ல கால் முதலில், இறங்க அடிபட்ட கால் முதலில்.

பயிற்சி வலி மறுநாளும் நீடித்தால் அளவைப் பாதியாக்குங்கள். கெண்டைக்கால் சிவந்து சூடாகி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ இரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.