ஒரே ஒரு அமினோ ஆசிட் மாறினா புரோட்டீனே கெட்டுடுமா?

எப்பவும் கெடாது, எங்க மாறுதுங்கறத பொறுத்துதான். ரத்தத்துல ஆக்சிஜன சுமக்கற ஹீமோகுளோபின்ங்கற புரோட்டீன எடுத்துக்கோங்க, அமினோ ஆசிட் ஒண்ணொண்ணா கோர்த்த சங்கிலி அதுல நாலு, ரெண்டு ஆல்ஃபா ரெண்டு பீட்டா. பீட்டாவுல இருக்கற 146 அமினோ ஆசிட்ல 6ஆவது இடத்துல குளுட்டாமிக் ஆசிட் இருக்கணும், அது சார்ஜ் உள்ளது, தண்ணியோட ஒத்துப்போகும். அங்க வேலின்ங்கற வேற அமினோ ஆசிட் வந்துட்டா அதுக்கு தண்ணியே ஆகாது, அதனால ஆக்சிஜன விட்டதும் பக்கத்து ஹீமோகுளோபின்ல இருக்கற பள்ளத்துல போய் ஒட்டிக்கும், அது அடுத்ததோட, இப்படியே நீளநீளமா நாரா சேர்ந்து சிவப்பணுவையே உள்ளருந்து அரிவாள் மாதிரி வளைச்சிடும். சிக்கிள் செல் அனீமியா இதுதாங்க. வளைஞ்ச செல் சின்ன ரத்தக்குழாய்ல அடைச்சா வலி உயிர் போகும். நீலகிரி பழங்குடி மக்கள்கிட்டயும் இது இருக்கு. அப்பா அம்மா ரெண்டு பேருமே கேரியர்னா, அதாவது நோய் இல்லாம அந்த மாறின ஜீன் ஒண்ண மட்டும் வச்சிருந்தா, ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு, அதனால கல்யாணத்துக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் கண்டிப்பா பண்ணிக்கணும்.