பிரெஞ்சுப் படையும் ஆறு வாரக் கெட்ட பெயரும்: கேள்வி-பதில்

1940-இல் ஜெர்மனி தாக்கியபோது பிரான்ஸ் ஆறு வாரத்தில் சரணடைந்ததைப் பற்றி போன தொகுப்பில் நாலு வரி எழுதினேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி பிரெஞ்சுப் படையைப் பற்றித்தான். கேலி, கோபம், நடுவில் சில நல்ல கேள்விகள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வழக்கமான வேண்டுகோள்தான்: எந்த ஆண்டு, எந்தப் படை, யார் தளபதி என்று எழுதுங்கள். "அவங்க எப்பவுமே இப்படித்தானே சார்" என்பது கேள்வி ஆகாது.

பிரெஞ்சுக்காரர்கள் எந்தப் போரிலாவது ஜெயித்திருக்கிறார்களா?

ரொக்ருவா 1643, ஃபோந்த்துவா 1745, வால்மி 1792, ஆஸ்டர்லிட்ஸ் 1805, மார்ன் 1914. இன்னும் வேண்டுமென்றால் ஒரு பக்கம் எழுதலாம். இந்தக் கேள்வியைத் தட்டச்சு செய்த நேரத்தில் நீங்களே தேடிப் பார்த்திருக்கலாம்.

நூறாண்டுப் போரில் கிரெஸி, புவாத்தியே, அஜின்கோர்ட் என்று வரிசையாகத் தோற்றார்களே? ஆங்கில வில்லாளிகளைச் சமாளிக்கத் தெரியாத படைதானே அது? (கோவை)

மூன்று சண்டையிலும் தோற்றது உண்மை. 1346, 1356, 1415. ஆனால் போரில் ஜெயித்தது யார்? 1429-இல் ஓர்லியான் முற்றுகை உடைந்தது, அதே ஆண்டு பத்தேயில் அந்த வில்லாளிகளையே கம்பு நட்டு அரண் கட்ட விடாமல் குதிரைப்படை வெட்டிச் சாய்த்தது. 1450-இல் ஃபோர்மினி. 1453-இல் காஸ்தியோனில் ழான் ப்யூரோ பீரங்கிகளை வரிசையாக வைத்துக் காத்திருந்தார். ஆங்கிலத் தளபதி டால்பட் நேராக அதற்குள் பாய்ந்து செத்தார். கடைசியில் இங்கிலாந்து கையில் மிஞ்சியது கலே துறைமுகம் ஒன்றுதான், அதுவும் 1558-இல் போனது. நாம் வரலாற்றை ஆங்கிலப் பாடப்புத்தகம் வழியாகப் படித்தவர்கள். அஜின்கோர்ட் தெரியும், காஸ்தியோன் தெரியாது.

நெப்போலியன் கோர்சிக்கர். அவருடைய வெற்றியை பிரான்ஸ் கணக்கில் சேர்க்கலாமா?

அப்படியானால் ஹிட்லர் ஆஸ்திரியர், ஸ்டாலின் ஜார்ஜியர். அடுத்த கேள்வி.

சரி, ஒரு வரி கூட்டிச் சொல்கிறேன். 1806 அக்டோபர் 14-ஆம் தேதி ஔவர்ஷ்டெட்டில், இருபத்தேழாயிரம் சொச்சம் பேரை வைத்துக்கொண்டு அதைப்போல இருமடங்குக்கு மேலான பிரஷ்யப் படையைத் தோற்கடித்தவர் தளபதி தாவு (Davout). பர்கண்டிக்காரர். நெப்போலியன் அப்போது பக்கத்தில் யேனாவில் இன்னொரு சண்டையில் இருந்தார்.

வெர்தனில் பத்து லட்சம் பிரெஞ்சுக்காரர்கள் இறந்தார்கள் என்று படித்தேன். சரியா? (திருநெல்வேலி)

இல்லை. இறந்தவர் வேறு, இழப்பு வேறு என்று எத்தனை முறை எழுதுவது? இழப்பு என்றால் இறந்தவர், காயம்பட்டவர், காணாமல் போனவர், கைதானவர் எல்லாரும் அடக்கம். 1916 பிப்ரவரி 21 முதல் டிசம்பர் வரை பிரெஞ்சு இழப்பு மூன்றே முக்கால் லட்சம் சொச்சம், அதில் இறந்தவர் சுமார் 1.6 லட்சம். ஜெர்மன் தரப்பில் இழப்பு 3.3 லட்சம் சொச்சம், இறந்தவர் 1.4 லட்சம் சொச்சம். இரண்டு தரப்பின் இழப்பையும் கூட்டி, அதை ஒரே தரப்பின் மரணக் கணக்காக்கி, மேலே கொஞ்சம் சேர்த்தால்தான் உங்கள் பத்து லட்சம் வரும்.

முதல் உலகப்போர் முழுக்க பிரான்ஸ் இழந்த உயிர்கள் சுமார் 14 லட்சம், நாலு கோடி மக்கள்தொகையில். 1914 ஆகஸ்ட் 22 ஒரே நாளில் 27,000 பேர். இதுவும் இறந்தவர் கணக்குதான், இழப்புக் கணக்கு இல்லை.

1940-இல் ஆறு வாரத்தில் சரணடைந்தார்களே. அந்தப் படையைக் கோழைப் படை என்று சொல்வதில் என்ன தப்பு? (சென்னை, சேலம், ஈரோடு, சிங்கப்பூர்… பலர்)

நிறையத் தப்பு. இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் சண்டை போட்டவர்களைப் பார்ப்போம். மே 12 முதல் 14 வரை பெல்ஜியத்தில் அன்னூ என்ற இடத்தில் அதுவரை நடந்ததிலேயே பெரிய டாங்கிச் சண்டை. பிரெஞ்சு சோமுவா டாங்கிகள் ஜெர்மன் பான்சர்களை நன்றாகவே அடித்தன. செடானுக்குத் தெற்கே ஸ்தோன் என்ற சின்னக் கிராமம் மூன்றே நாளில் 17 முறை கைமாறியது. அங்கே கேப்டன் பியோத்தின் ஒற்றை டாங்கி ஜெர்மன் வரிசைக்குள் புகுந்து பதின்மூன்று டாங்கிகளை நாசமாக்கிவிட்டு, உடம்பில் 140 குண்டுத் தழும்போடு ஓடியே திரும்பி வந்தது. மே கடைசியில் லீல் நகரில் மாட்டிக்கொண்ட நாற்பதாயிரம் பேர் ஏழு ஜெர்மன் டிவிஷன்களை நாலு நாள் பிடித்து வைத்தார்கள். கடைசியில் அவர்கள் ஆயுதத்தோடு அணிவகுத்து வெளியே வர ஜெர்மன் தளபதியே அனுமதி கொடுத்தார், போர் மரியாதையாக. அந்த நாலு நாளில்தான் டன்கர்க் துறைமுகத்தில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கப்பல் ஏறித் தப்புவது நடந்துகொண்டிருந்தது. அங்கிருந்து தப்பிய 3,38,000 பேரில் ஒரு லட்சத்து இருபதாயிரம் பேர் பிரெஞ்சுக்காரர்கள். கடைசிவரை கரையைக் காத்து, கப்பல் கிடைக்காமல் கைதான முப்பத்தைந்து, நாற்பதாயிரம் பேரும் அவர்களே. ஆல்ப்ஸ் மலையில் இத்தாலி தாக்கியபோது இத்தாலியர் 600-க்கு மேல் செத்தார்கள், பிரெஞ்சுக்காரர் 40 பேர் சொச்சம்.

ஆறு வாரத்தில் பிரெஞ்சுத் தரப்பில் இறந்தவர்கள், குறைத்துக் கணக்கிடுபவர் சொல்வதில் அறுபதாயிரம், பழைய கணக்கில் தொண்ணூறாயிரம். ஓடிப்போகிற படையில் இத்தனை பேர் சாக மாட்டார்கள்.

அப்படியானால் ஏன் தோற்றார்கள்? தலைமை. தளபதி காம்லான் தன் கையிருப்புப் படையான ஏழாவது சேனையை ஹாலந்து பக்கம் அனுப்பிவிட்டார். பாரிஸ் ஓரத்து வான்சேன் கோட்டையில் இருந்த அவருடைய தலைமையகத்தில் ஒரு ரேடியோகூட இல்லை. ஜெர்மானியர் ஆர்தென் காட்டு வழியாக வந்து மே 13 அன்று செடானில் ஆற்றைக் கடந்தார்கள். மே 16-இல் சர்ச்சில் பாரிசுக்குப் பறந்து வந்து கையிருப்புப் படை எங்கே என்று கேட்டார். இல்லை என்றார் காம்லான். டாங்கிகள் எண்ணிக்கையில் குறைவில்லை, கவசத்திலும் குறைவில்லை. ஆனால் பலவற்றில் ரேடியோ கிடையாது. கோபுரத்தில் ஒரே ஆள்தான். அவரே குண்டு போட்டு, குறி பார்த்து, சுட்டு, வண்டிக்கும் ஆணையிட வேண்டும். எதிரே பான்சர் மூன்றில் அதே வேலைக்கு மூன்று பேர்.

அப்புறம் இடம். செடானிலிருந்து பாரிஸ் 200 கிலோமீட்டர் சொச்சம். சோவியத் எல்லையிலிருந்து மாஸ்கோ ஆயிரம். 1941-இல் சோவியத் படை இழந்த கைதிகளை மட்டும் முப்பது லட்சத்துக்கு மேல் எண்ணலாம். அவர்களை யாரும் கோழை என்பதில்லை, பின்வாங்க நிலம் இருந்தது. இங்கிலாந்துப் படையும் மூன்று வாரத்தில் கடலுக்குத் துரத்தப்பட்டது. நடுவில் ஒரு கால்வாய் இருந்ததால் பிழைத்தது. பிரான்சின் மக்கள்தொகை நாலு கோடி, ஜெர்மனிக்கு எட்டு. முதல் உலகப்போரில் பிறக்காமல் போன பிள்ளைகளால் இருபது வயதுப் பையன்களே பாதியாகக் குறைந்திருந்தார்கள்.

என்னை எரிச்சல்படுத்துவது இதுதான்: படை தோற்றது வேறு, அரசு சரணடைந்தது வேறு. பிரதமர் ரேனோ ஒரு வழி சொன்னார். டச்சுக்காரர் செய்ததுபோல உள்நாட்டில் இருக்கும் படை மட்டும் ஆயுதத்தைக் கீழே போடட்டும், அரசு வட ஆப்பிரிக்காவுக்குப் போய் போரைத் தொடரட்டும் என்றார். மறுத்தவர் காம்லானுக்குப் பதிலாக வந்த தலைமைத் தளபதி வெய்காண்ட். அது படையின் மானத்துக்குக் கேடாம். அதனால் அரசே போர்நிறுத்தம் கேட்க வேண்டும் என்றார். பழி மந்திரிகள் தலையில், மானம் தளபதிகள் கையில். ஜூன் 16-இல் ரேனோ விலகினார், மார்ஷல் பெத்தான் பிரதமராக வந்தார், மறுநாள் வானொலியில் சண்டையை நிறுத்த வேண்டும் என்று பேசினார். ஒப்பந்தம் கையெழுத்தாக இன்னும் ஐந்து நாள் இருந்தது! அந்தப் பேச்சைக் கேட்டுத் துப்பாக்கியைக் கீழே வைத்தவர்கள் ஏராளம். மொத்தக் கைதிகள் 18 லட்சம் சொச்சம். ஐந்து வருடம் ஜெர்மன் முகாமில் கிடந்தவன் சாதாரணச் சிப்பாய். கோழை என்ற பெயரும் அவனுக்கே. அதைத் தேடிக்கொடுத்தவர்கள் மார்பில் பதக்கம் நிறைய இருந்தது.

மாஜினோ அரண் வரிசை உலக மகா முட்டாள்தனம்தானே?

இல்லை. எதிரியை பெல்ஜியம் பக்கம் திருப்பிவிட வேண்டும், குறைந்த ஆட்களை வைத்து ஜெர்மன் எல்லையைக் காக்க வேண்டும். இரண்டுக்காகத்தான் கட்டினார்கள், இரண்டையும் அது செய்தது. வரிசையின் வால்நுனியில் இருந்த லா ஃபெர்த்தே என்ற சின்ன அரண் விழுந்தது, உள்ளே இருந்த நூற்றுச் சொச்சம் பேரும் மாண்டார்கள். பெரிய கோட்டைகளில் ஒன்றைக்கூட நேரடியாகத் தாக்கிப் பிடிக்க முடியவில்லை. போர்நிறுத்தத்துக்குப் பிறகு மேலிட உத்தரவு வந்துதான் சில கோட்டைகள் திறந்தன. நல்ல பூட்டு போட்ட கதவை விட்டுவிட்டுத் திருடன் ஜன்னல் வழியாக வந்தால் பூட்டுக்காரனை ஏன் திட்டுகிறீர்கள்?

1917-இல் பிரெஞ்சுப் படை கலகம் செய்தது. இது உங்கள் வாதத்தை உடைக்கவில்லையா? (மதுரை)

நல்ல கேள்வி, ஆண்டும் குறிப்பிட்டிருக்கிறீர்கள், நன்றி. உடைக்கவில்லை. ஏப்ரலில் ஜெனரல் நிவேல் 48 மணி நேரத்தில் முன்னணியை உடைத்துவிடுவேன் என்று சொல்லி ஷெமின் தே தாம் மேட்டில் ஆட்களைக் கொண்டுபோய்க் கொட்டினார். அதற்குப் பிறகு ஏறக்குறையப் பாதி டிவிஷன்களில் கலகம். ஆனால் அந்தச் சிப்பாய்கள் அகழியை விட்டுக் கொடுக்கவில்லை. தற்காப்போம், வீணாகப் பாய்ந்து சாக மாட்டோம் என்றார்கள். 500-க்கு மேல் மரண தண்டனை விதித்தார்கள், நிறைவேறியது ஐம்பது வாக்கில். விடுப்பும் சோறும் சீரானதும் அதே படை 1918-இல் ஜெயித்தது. இங்கும் சிப்பாய், தளபதி கதைதான். அந்தச் சமயத்தில் நிலைமையைச் சீராக்கியவர் மேலே சொன்ன அதே பெத்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வந்தவாசியில் ஏன் தோற்றார்கள்? துப்ளேக்சைத் திருப்பி அழைக்காமல் இருந்தால் நாம் பிரெஞ்சு பேசிக்கொண்டிருப்போமா? (திருவண்ணாமலை)

இரண்டாவது பாதிக்குப் பதில் கிடையாது, ஆரூடம் என் வேலை இல்லை. முதல் பாதிக்கு ஒரே பதில்: கடற்படை. தரையில் அவர்கள் மோசமில்லை. 1746-இல் அடையாற்றங்கரையில் சில நூறு பிரெஞ்சுக்காரரும் எழுநூறு சிப்பாய்களும் நவாபின் பத்தாயிரம் பேரை விரட்டினார்கள். ஐரோப்பிய முறையில் பயிற்சி பெற்ற சிறுபடை என்ன செய்யும் என்று இந்தியாவே அன்றுதான் பார்த்தது. ஆனால் பிரெஞ்சுத் தளபதி லாலி 1758 கடைசியில் சென்னையை முற்றுகையிட்டபோது ஆங்கிலக் கப்பல்கள் வந்ததும் முற்றுகையைத் தூக்க வேண்டியதாயிற்று. 1759-இல் பிரெஞ்சுக் கப்பல்கள் கிளம்பிப் போனவை திரும்பவே இல்லை. சம்பளம் இல்லாத படையோடு லாலி 1760 ஜனவரியில் வந்தவாசியில் தோற்றார், அடுத்த ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. 1766-இல் பாரிசில் அவர் தலையை வெட்டினார்கள். தோல்விக்கு ஆள் தேடுவது 1940-இல் தொடங்கிய பழக்கம் இல்லை.

கடலிலும் திறமை இல்லாமல் இல்லை. 1782-83-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரான் சதுரங்கப்பட்டினம் முதல் கடலூர் வரை ஆங்கிலேயரோடு ஐந்து முறை மோதினார், நடுவில் திருகோணமலையையும் பிடித்தார். அதற்குள் ஐரோப்பாவில் சமாதானம் பேசி முடித்துவிட்டார்கள்.

தியன் பியன் பூ?

கேள்விக்குறி மட்டும் போட்டால் என்ன சொல்வது? வியட்நாமில் ஒரு பள்ளத்தாக்கில் பிரெஞ்சுப் படை முகாம் போட்டது, சுற்றியுள்ள மலைமேல் பீரங்கியை ஏற்ற முடியாது என்று நினைத்தார்கள், வியட்நாமியத் தளபதி கியாப் ஏற்றினார். 1954 மார்ச் 13 முதல் மே 7 வரை சண்டை, முடிவில் தோல்வி. அங்கிருந்த பதினைந்தாயிரம் சொச்சம் பேரில் அயலகப் படையினர் (பிரெஞ்சு ராணுவத்தில் வெளிநாட்டவர் சேரும் பிரிவு), வட ஆப்பிரிக்கர், வியட்நாமியரே அதிகம். கைதானவர்களில் பாதிப் பேர்கூடத் திரும்பவில்லை.

அயலகப் படையில் சேர்ந்தால் பழைய குற்றமெல்லாம் மறைந்துவிடுமாமே?

அது சினிமா. இப்போது கைரேகை வரை பார்க்கிறார்கள். அங்கே சேர வழி கேட்டு எனக்கு எழுதாதீர்கள்.

இந்த வெள்ளைக்கொடி ஜோக்கெல்லாம் எப்போது ஆரம்பித்தது?

பிரெஞ்சுக்காரர்களைச் சரணடைகிறவர்கள் என்று கேலி செய்யும் ஒரு வசை 1995-இல் ஓர் அமெரிக்கக் கார்ட்டூனில் வந்தது. ஊரெல்லாம் பரவியது 2003-இல். அந்தப் பிப்ரவரியில் ஐ.நா. பாதுகாப்பு சபையில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வில்பேன் ஈராக் போரை எதிர்த்துப் பேசினார். மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்ற கேன்டீனில் ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸை ஃப்ரீடம் ஃப்ரைஸ் ஆக்கினார்கள். போருக்குக் காரணமாகச் சொன்ன பேரழிவு ஆயுதங்கள் ஈராக்கில் கிடைக்கவே இல்லை, ஜோக் மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்கச் சுதந்திரப் போரில், 1781-இல் யார்க்டவுனில் பிரெஞ்சுத் தளபதிகள் ரொஷாம்போவின் படையும் தெ கிராஸின் கப்பல்களும் இல்லாமல் ஜார்ஜ் வாஷிங்டன் என்ன செய்திருப்பார் என்று அந்த கேன்டீனில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. 1918-இல் அமெரிக்கப் படை சுட்ட பீரங்கிகளில் பெரும்பாலானவை பிரெஞ்சுத் தயாரிப்பு. ஓட்டிய டாங்கிகளிலும் பெரும்பாலானவை பிரான்சின் ரெனோ கம்பெனி வடிவமைத்தவை.

என் தாத்தா புதுச்சேரியில் சொல்தா (பிரெஞ்சுப் படைச் சிப்பாய்). இந்தோசீனா போனவர் என்று மட்டும் தெரியும். அவரைப் பற்றிய ஆவணம் எங்கே கிடைக்கும்? (புதுச்சேரி)

இந்த முறை வந்ததில் எனக்குப் பிடித்த கடிதம். பிரெஞ்சு ராணுவத்தினரின் தனிநபர் கோப்புகள் தெற்கு பிரான்சில் போ (Pau) என்ற நகரத்து ராணுவ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அதிகாரியாக இருந்திருந்தால் வான்சேனில் பாருங்கள். முதல் உலகப்போரில் இறந்தவர் என்றால் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தேஸோம்' (Mémoire des hommes) இணையதளத்தில் வீட்டிலிருந்தே தேடலாம். உங்கள் தாத்தா இந்தோசீனா போன சிப்பாய் என்பதால் போ நகரத்துக்குத்தான் எழுத வேண்டும். பிரெஞ்சில் எழுதுங்கள். பென்ஷன் புத்தகம் வீட்டில் எங்காவது இருக்கும், தேடி எடுங்கள். அதில் உள்ள எண்ணும் பெயரின் பிரெஞ்சு எழுத்துக்கூட்டும் அப்படியே வேண்டும், நாம் இப்போது எழுதுகிற மாதிரி எழுதினால் கிடைக்காது. பிறந்த தேதியும் ஊரும் இல்லாமல் அனுப்பாதீர்கள், தேட மாட்டார்கள்.