பாய்மரப் படகுப் பயிற்சி: பணம் கட்டும் முன்னும் கட்டிய பின்னும்

கேள்வி: எங்கள் பத்து வயது மகளுக்குப் பாய்மரப் படகு ஓட்டக் கற்றுத்தர விரும்புகிறோம். சென்னைத் துறைமுகத்தில் உள்ள கிளப் ஒன்றில் குடும்பத்தோடு உறுப்பினராகச் சேர்வது நல்லதா, கோடைப் பயிற்சிக்கு மட்டும் பணம் கட்டினால் போதுமா?
– திருவான்மியூர் வாசகி

பதில்: இப்போதைக்குக் கோடைப் பயிற்சியே போதும். 1911இல் தொடங்கப்பட்ட ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் துறைமுக வளாகத்துக்குள்ளேயே இயங்குகின்றன. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன், 2009இல் அந்தச் சங்கம் நடத்திய கோடை முகாமில்தான் முதன்முதலாகப் படகேறினார். உறுப்பினராவது வேறு கணக்கு. பொதுவாக இத்தகைய கிளப்புகளில் நுழைவுக் கட்டணம், ஆண்டுச் சந்தா, படகு வாடகை, சொந்தப் படகு இருந்தால் அதை நிறுத்தி வைக்கும் கட்டணம் என்று செலவு பல தலைப்புகளில் வரும். குழந்தைக்கு இரண்டு கோடைகள் கடந்தும் ஆர்வம் குறையவில்லை என்றால் அப்போது சேர்ந்துகொள்ளலாம்.

இரண்டு பயிற்சிகளின் கட்டணத்தை ஒப்பிடும்போது மொத்தத் தொகையை மட்டும் பார்க்காதீர்கள். தண்ணீரில் கழியும் நேரம் எவ்வளவு என்று கேட்டு, அந்த மணிக்கணக்கால் வகுத்துப் பாருங்கள். மூன்று மணி நேர வகுப்பு என்று விளம்பரம் செய்துவிட்டு, அதில் பாதியைக் கரையில் படகில் பாயையும் பாய்மரத்தையும் பொருத்துவதிலும் கழற்றுவதிலும் செலவிடும் இடங்கள் உண்டு. வகுப்பு நடக்கும் வேளையும் முக்கியம். கோடையில் காலை நிலக்காற்று தளர்ந்து, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும். இடைப்பட்ட வேளையில் காற்று ஓய்ந்து பாய் தொங்கிக் கிடக்கும். பிற்பகலிலோ, காற்று வலுக்கும் நாளில் புதியவர்களுக்குக் கைமீறிப் போகும். இதையெல்லாம் கணக்கில் கொண்டு நேரம் வகுத்திருக்கிறார்களா என்று கேட்டால், பதில் சொல்லும் விதத்திலேயே நடத்துபவரின் அனுபவம் தெரிந்துவிடும்.

குழந்தைகள் தண்ணீரில் இருக்கும் நேரம் முழுவதும் இயந்திரம் பொருத்திய மீட்புப் படகு ஒன்று, ஓட்டுநருடன், அவர்களுக்கு அருகிலேயே மிதந்துகொண்டிருக்க வேண்டும்; கரையில் கட்டிக் கிடக்கும் படகு கணக்கில் சேராது. பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை நேரில் பார்க்க அனுமதி கேளுங்கள். துறைமுகத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு தேவை என்பதால் முன்கூட்டியே சொல்லி ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

மிதவை அங்கியைக் கிளப்பே தரும் என்றாலும் அதன் உட்புறச் சீட்டைப் படித்துப் பாருங்கள். மிதக்க வைக்கும் விசை 50 நியூட்டன் என்று குறித்திருப்பது, நீந்தத் தெரிந்தவருக்கும் உதவி அருகில் இருக்கும் இடத்துக்கும் உரியது. அசைய இடம் தருவதால் சிறு பாய்மரப் படகுகளில் அதையே அணிகிறார்கள். நீந்தத் தெரியாத குழந்தைக்கு அது போதாது. முதலில் நீச்சல் கற்றுக்கொடுங்கள். அங்கியை அணிவித்து இறுக்கிய பின் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறிவிடக் கூடாது.

கேள்வி: பன்னிரண்டு வயது மகனுக்குப் பழைய ஆப்டிமிஸ்ட் படகு ஒன்று விலைக்கு வருகிறது. வாங்கலாமா?
– புதுச்சேரி வாசகர்

பதில்: ஆப்டிமிஸ்ட் என்பது சிறுவர்கள் தனியாக ஓட்டும் சிறிய பாய்மரப் படகு. அவ்வகைப் போட்டிகளில் பதினைந்து வயது நிறையும் ஆண்டின் இறுதி வரைதான் கலந்துகொள்ள முடியும். ஆக, உங்கள் மகனுக்கு அதிகம் போனால் நான்கு ஆண்டுகளே பயன்படும். விரைவாக வளரும் பிள்ளையானால் அதற்கு முன்பே படகு அவனுக்குச் சிறிதாகிவிடும். கிளப் படகு தாராளமாகக் கிடைக்குமானால் வாங்கவே வேண்டாம் என்பது என் கருத்து.

வாங்கத்தான் வேண்டும் என்றால் பழையதையே வாங்குங்கள். விளையாட்டு, உல்லாசப் படகுகளுக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 40 விழுக்காடாக உயர்ந்துவிட்டது. வணிகரல்லாத தனிநபர் தம் பழைய படகை விற்கும்போது அந்த வரி இல்லை. 2.3 மீட்டர் நீளமுள்ள இப்படகின் வெற்று உடல் 35 கிலோ இருக்க வேண்டும். எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். பல கிலோ கூடுதலாக இருந்தால் உள்ளே நீர் ஊறியிருக்கக்கூடும். அடித்தளத்தை உள்ளங்கையால் அழுத்தும்போது எங்கேனும் மெத்தென்று அமுங்கினால் அந்தப் படகு வேண்டாம். உள்ளே இருக்கும் மூன்று காற்றுப் பைகளையும் ஊதி ஓர் இரவு வைத்துவிட்டு, காலையில் அவை தளர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் படகு அவ்வகைக்குரிய அளவுகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் அளவைச் சான்றிதழையும் கேட்டு வாங்க வேண்டும்.

கேள்வி: நவம்பரில் நடந்த பயிற்சிக்கு முழுக் கட்டணத்தையும் முன்பே கட்டினோம். புயல் எச்சரிக்கையால் பாதி வகுப்புகள் நடக்கவில்லை. ‘கட்டிய பணம் திருப்பித் தரப்படாது’ என்று விண்ணப்பத்தில் அச்சிட்டிருப்பதைக் காட்டி மறுக்கிறார்கள். என்ன செய்யலாம்?
– சென்னை வாசகர்

பதில்: எச்சரிக்கை நாளில் படகை இறக்காமல் இருந்தது சரியான செயல், அதைக் குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பது சென்னையில் படகு நடத்தும் எவருக்கும் தெரிந்ததே. அம்மாதங்களில் வகுப்பு வைத்துப் பணம் வாங்கியவர் மாற்று நாளும் தராமல், பணத்தையும் தராமல் இருப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு என்று வாதிட இடமுண்டு.

முதலில் மாற்று வகுப்புகளோ உரிய பணமோ வேண்டும் என்று நாள் குறித்து எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையெனில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம்; பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வரும். அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாததால் மனுக் கட்டணம் இல்லை. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்ற நிபந்தனையே நியாயமற்ற ஒப்பந்தம் என்று அறிவிக்கக் கோரினால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும். ஆகவே சேவைக் குறைபாடு என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். முழுத் தொகையையும் கேட்காமல், நடக்காத வகுப்புகளின் விகிதத்தைக் கணக்கிட்டுக் கேளுங்கள். வகுப்பு இல்லை என்று கிளப் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளே அதற்குச் சான்றாகும் என்பதால் அவற்றை அழித்துவிடாதீர்கள்.