யாரைக் கட்டுவது?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை உப்புவெளியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் சபைக்கு வந்த வெளியூர்ப் போதகர் ஒருவர் 'ஒய்கொடொமே' என்ற கிரேக்கச் சொல்லை வைத்துப் பேசினார். கட்டியெழுப்புதல் என்று அர்த்தமாம். தினமும் ஒரு மணித்தியாலம், கேட்பவருக்கு விளங்காத அந்நியபாஷையில் ஜெபித்து அவரவர் தன்னைத்தானே கட்டியெழுப்ப வேண்டும், பவுல் சொன்னது அதுதான் என்றார். எங்கள் மூப்பரோ அந்தச் சொல் கட்டடத்தைக் குறிக்கிறது என்று சொல்லிப் புது மண்டபத்துக்குக் காசு சேர்க்கிறார். போனில் ஒரு அகராதியில் தேடினேன். 'வீடு', 'கூரை' என்ற இரண்டு சொல் சேர்ந்தது என்று போட்டிருந்தது. நம் வேதாகமத்தில் பார்த்தால் 'பக்திவிருத்தி' என்று இருக்கிறது. எது சரி? எந்த மொழிபெயர்ப்பை வாசிப்பது?

ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

முதலில் அந்தக் கூரையை இறக்கி வைப்போம். ஒய்கோஸ் என்றால் வீடு. மற்றப் பாதி 'கட்டு' என்ற பழைய வினையிலிருந்து வந்தது. உம்முடைய போன் கூரை என்று சொல்கிற சொல்லும் அதே வினைக்குப் பிறந்ததுதான். ஆக, வீடு கட்டுதல். இதற்கு மேல் அதில் ரகசியம் எதுவும் இல்லை. சொல்லைப் பிளந்து பார்த்துப் பொருள் எடுக்கிற ஆசை இப்போது எல்லாருக்கும் வந்துவிட்டது. பவுல் கடிதத்தை வாசிக்கக் கேட்ட கொரிந்துக்காரன் எவனும் அப்படிப் பிளந்து பார்த்திருக்க மாட்டான்.

உங்கள் மூப்பர் சொன்னதிலும் பாதி சரி. மாற்கு 13ஆம் அதிகாரத்தில் ஒரு சீஷன் எருசலேம் தேவாலயத்தைக் காட்டி, கல்லைப் பார், கட்டடத்தைப் பார் என்று வியக்கிற இடத்தில் இதே சொல் பன்மையில் வருகிறது. அடுத்த வசனத்தையும் அவர் வாசித்துக் காட்டினாரா? ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராது என்கிறார் இயேசு. கி.பி. 70இல் ரோமர் வந்து அதை இடித்தும் விட்டார்கள். காசு சேர்க்கத் தோதான வசனமில்லை.

போதகருடைய பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைத் தந்தது. உம்மேலும் கோபம். இரண்டு வாரமாகக் கிரேக்கத்தைப் பற்றி யோசித்ததாக நீர் கடிதத்தின் பின்பகுதியில் எழுதியிருக்கிறீர் (அதை இங்கே போடவில்லை). அந்த இரண்டு வாரத்தில் 1 கொரிந்தியர் 14ஐ ஒருமுறையாவது முழுதாக வாசித்தீரா? வெறும் 40 வசனம். 'அந்நியபாஷையில் பேசுகிறவன் தனக்கே பக்திவிருத்தி உண்டாகப் பேசுகிறான்' என்ற பாதி வசனத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் பேசியிருக்கிறார் மனுஷன். மற்றப் பாதி என்ன? 'தீர்க்கதரிசனஞ்சொல்லுகிறவனோ சபைக்குப் பக்திவிருத்தி உண்டாகப் பேசுகிறான்.' அந்த 'ஓ' உம்முடைய காதில் விழவில்லையா? தன்னைக் கட்டுவதைப் பவுல் தடுக்கவில்லை. தானும் அந்நியபாஷையில் பேசுகிறவன் என்றே சொல்கிறார். ஆனால் அந்த அதிகாரம் முழுக்க அதைத் தட்டின் இலேசான பக்கத்தில்தான் வைக்கிறார். 17ஆம் வசனம் இன்னும் கூர்மை: நீ நன்றாய்த்தான் ஸ்தோத்திரம் பண்ணுகிறாய், ஆனால் பக்கத்தில் நிற்கிற மற்றவனுக்கு அதனால் என்ன? யூதா நிருபத்தில் 'உங்களை'க் கட்டுங்கள் என்று வருகிறதே என்று போதகர் கேட்பார். அது பன்மை. ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது.

'பக்திவிருத்தி' பிழையான சொல் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் கல்லும் சாந்தும் மறைந்துபோகின்றன. பக்தி என்றதும் நமக்கு மனசுக்குள் நடக்கிற ஒன்று, அவரவர் சொந்தக் காரியம் என்று ஆகிவிடுகிறது. அதனால்தான் இந்தப் போதகரின் பேச்சு உங்கள் ஆட்களுக்கு அவ்வளவு இலேசாகப் பிடிபட்டது. இன்னொரு நட்டமும் உண்டு. 8ஆம் அதிகாரத்தில் பவுல் இதே வினையை நக்கலுக்குப் பாவிக்கிறார். அறிவுள்ளவன் ஒருவன் விக்கிரகக் கோயில் விருந்தில் போய் உட்காருகிறான். பலவீனன் அதைப் பார்த்து, மனச்சாட்சி உறுத்த உறுத்தத் தானும் சாப்பிடத் துணிகிறான். அந்தத் துணிவைப் பவுல் 'கட்டப்படுவான்' என்று எழுதுகிறார். நீ கட்டின கட்டடத்தின் அழகைப் பார் என்கிற மாதிரி. தமிழில் அந்தக் குத்தல் தெரியாது. மொழிபெயர்ப்பு எதுவானாலும் வாசியும், இரண்டை வைத்து வாசியும். அதை ஒரு பெரிய கேள்வியாக்காதீர்.

என் அப்பா மேசன். எண்பதுகளுக்கு முன்னர் திருகோணமலையில் குவாட்டர்ஸ் கட்டுகிற வேலைகளுக்குப் போவார். பாடசாலை விடுமுறையில் நானும் செங்கல் எடுத்துக் கொடுக்கப் போவேன். பாஸ், அதாவது தலைமை மேசன், கந்தளாய்ப் பக்கத்துச் சிங்களவர். கையாட்களில் பாதிப் பேர் கிண்ணியா. அப்பாவுக்குச் சிங்களம் வராது, பாஸுக்குத் தமிழ் வராது. ஆனால் வேலை ஓடியது. வத்துர என்றால் தண்ணீர் வரும், வெலி என்றால் மணல் வரும், கடொல் என்றால் செங்கல் வரும். கல்லுக்கு இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒரே சொல். பாஸும் 'தூக்கு', 'மட்டம்' என்று எங்கள் சொல்லைச் சொல்லத் தொடங்கியிருந்தார். ஒருநாள் அவருக்கு ஏதோ கோபம். சாரத்தில் நின்றபடி சிங்களத்தில் மூச்சு விடாமல் பேசித் தீர்த்தார். நல்ல பேச்சாகத்தான் இருந்திருக்கும். கீழே நின்ற நாங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். தாச்சியில் குழைத்த சீமெந்து இறுகிப்போனது. அன்றைக்கு அந்தச் சுவர் ஒரு வரியும் ஏறவில்லை.

அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிடக் கருத்தோடே ஐந்து வார்த்தை பேசுவது மேல் என்று பவுல் சொல்கிற இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு அப்பாவின் நாலைந்து சிங்களச் சொல் ஞாபகம் வரும். பவுல் இதைக் கட்டட வேலையாகவே நினைத்தார் என்பது என் எண்ணம். பாபேல் கோபுரக் கதையை எடுத்துப் பாரும். ஆதியாகமத்தின் கிரேக்கப் பெயர்ப்பு பவுல் காலத்தில் சபைகளில் வாசிக்கப்பட்டது. அதில் அந்த ஆட்கள் 'நமக்கென்று ஒரு நகரம் கட்டுவோம்' என்கிறார்கள். அதே வினை. நமக்கென்று! பிறகு ஒருவன் பேச்சு மற்றவனுக்கு விளங்காமல் போகிறது, கட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேயும் அதே வினை. தனக்கென்று கட்டுதல், விளங்காத பேச்சு, நின்றுபோன வேலை: மூன்றும் 14ஆம் அதிகாரத்தில் அப்படியே இருக்கின்றன. பவுல் பாபேலின் பெயரைச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். உங்கள் போதகர் தினம் ஒரு மணித்தியாலம் கட்டச் சொன்னது எந்த நகரத்தை என்று அவரிடமே கேளும்.

கொரிந்துக்காரருக்கு இது உறைத்திருக்கும். கி.மு. 146இல் ரோமர் அந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். ஜூலியஸ் சீசர் கி.மு. 44இல் அதை மறுபடி எழுப்ப ஏற்பாடு செய்தார். எங்கெங்கிருந்தோ வந்து குடியேறியவர்களின் ஊர் அது. இடிப்பது என்றால் என்ன, கட்டுவது என்றால் என்ன என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. கர்த்தர் எனக்கு அதிகாரம் தந்தது உங்களைக் கட்டுவதற்கு, இடிப்பதற்கல்ல என்று இரண்டாம் நிருபத்தில் பவுல் இரண்டு தரம் எழுதுகிறார். அது எரேமியா தீர்க்கதரிசியின் அழைப்பில் வருவது: இடிக்கவும், கவிழ்க்கவும், கட்டவும், நாட்டவும். அவர் சபையைப் பண்ணை என்றும் மாளிகை என்றும் ஒரே மூச்சில் சொல்வது அந்த 'கட்டவும், நாட்டவும்' என்பதிலிருந்துதான்.

திருகோணமலைக்காரருக்கும் பாடம் தேவையில்லை. நாம் கிறிஸ்தவர்கள்தான் அதை மறந்துவிட்டு மேடையில் 'கட்டியெழுப்புதல்' என்று முழங்குகிறோம். எங்கள் ஊர்ப் பிரடெரிக் கோட்டை வாசலில் ஒரு கல் பதித்திருக்கிறது, பாண்டியரின் மீன் சின்னமும் தமிழ் எழுத்தும் உள்ள கல். கோணேசர் கோயிலைக் கட்டியதாகச் சொல்லப்படும் அரசன் குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று அதில் வருகிறது. 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக் கொண்டு கோட்டை கட்டினார்கள். சிலுவையோடு வந்தவர்கள். அதுவும் கட்டடம்தான், அந்த இடத்தில் இன்றைக்கும் கோட்டை நிற்கிறது. பவுல் அதை ஒய்கொடொமே என்று சொல்லியிருக்க மாட்டார். அந்தக் கல்லில் உள்ள 'திருப்பணி' என்ற சொல்லைத்தான் நான் இங்கே எடுத்திருப்பேன்: பலர் கூடிச் செய்வது, ஒருவனுக்குச் சொந்தமாகாதது, தலைமுறைக்கும் முடியாமல் இழுபடுவது. பக்திவிருத்தியைவிட நெருக்கம். கோயில் வாசனை அடிக்கிறது என்று நம்மவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அடிக்கட்டும்.

மண்டபம் கட்டுவதென்றால் கட்டுங்கள், மழைக்கு ஒதுங்க இடம் வேண்டும்தானே. வசனத்தைக் காட்டிக் காசு கேட்க வேண்டாம் என்று மட்டும் மூப்பரிடம் சொல்லும். 14ஆம் அதிகாரத்தை வீட்டில் எல்லாரும் கேட்கச் சத்தமாக, 40ஆம் வசனம்வரை வாசித்துவிட்டுப் பிறகு எழுதும். அடுத்த கடிதத்தில் போதகரின் பெயரைப் போடாதீர், இந்த முறை நான்தான் எடுத்துவிட்டேன்.