வெறுங்கால் கதையும் ஜகார்த்தா தங்கமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் நீங்கள் எழுதிய ஒரு கட்டுரையில், போகிற போக்கில் ‘இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்பது பாதி நிஜம், பாதி ஆறுதல்’ என்று ஒரு வரி இருந்தது. அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. என் தாத்தா கால்பந்துப் பைத்தியம். ஒரு காலத்தில் ஆசியாவிலேயே நாம்தான் முதல் அணி என்பார். 1950இல் உலகக் கோப்பைக்கே தகுதி பெற்றோம், வெறுங்காலில் ஆடக் கூடாது என்று சொன்னதால்தான் போகவில்லை என்றும் சொல்வார். இதெல்லாம் பொய்யா? பொய்யில்லை என்றால் அப்படிப்பட்ட அணி எப்படி இந்த நிலைக்கு வந்தது? அந்த அணிகளில் நம் தமிழ் ஆட்கள் யாராவது இருந்தார்களா?

க.

அன்புள்ள க.,

உங்கள் தாத்தா ரசிகர். ரசிகர்கள் சொல்வதில் ஆட்டம் சரியாக இருக்கும், காரணம்தான் முன்பின்னாக இருக்கும்.

வெறுங்கால் கதையை முதலில் முடித்துவிடுவோம். 1950 பிரேசில் உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றது உண்மை. எப்படித் தகுதி பெற்றது என்பதை யாரும் சொல்வதில்லை. நம் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் இடம் கிடைத்தது. ஸ்வீடன், இத்தாலி, பராகுவே இருந்த பிரிவில் நம்மைப் போட்டார்கள். பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில் தயாராக இருந்தது. அப்புறமும் நாம் போகவில்லை. அணித் தேர்வில் சிக்கல், பயிற்சிக்கு நேரமில்லை என்றுதான் அன்று காரணம் சொன்னார்கள். எங்களுக்கு ஒலிம்பிக்தான் எல்லாமே, உலகக் கோப்பை பற்றிப் பெரிதாகத் தெரியாது என்ற பொருளில் சைலேன் மன்னா பின்னாளில் பேசியிருக்கிறார். 1951இல் அணித்தலைவராக இருந்தவரே சொல்வதால் இதைத்தான் நான் நம்புகிறேன்.

உங்கள் தாத்தாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று துவைத்து எடுத்தது. நம் ஆட்கள் பலர் அந்தக் குளிரில் வெறுங்காலோடு ஆடினார்கள். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. சரி, தடை பூட்ஸ்தான் என்றால் 1954க்கோ 1958க்கோ 1962க்கோ போயிருக்க வேண்டுமே? உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இந்தியா முதன்முதலாக ஆடியதே 1985இல்தான். முப்பத்தைந்து வருடம் ஒரு தகுதி ஆட்டம்கூட ஆடாததற்குப் பூட்ஸ் மேல் பழி போட முடியாது. அக்கறை இல்லை, அவ்வளவுதான். ஆனால் ‘நமக்கு அக்கறை இல்லை’ என்பதைவிட ‘நம்மை விடவில்லை’ என்பது சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கிறது. நான் ஆறுதல் என்று எழுதியது இதைத்தான்.

இப்போது நிஜத்துக்கு வருகிறேன்.

ஹைதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். ஹைதராபாத் நகரக் காவல்துறை அணிக்குப் பயிற்சியாளர். அவர் கையில் அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை, பம்பாயில் நடக்கும் ரோவர்ஸ் கோப்பையை வென்றது. கல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கோலோச்சிய காலத்தில் ஒரு போலீஸ் அணி இதைச் செய்தது. அவரையே தேசிய அணிக்கும் பயிற்சியாளர் ஆக்கினார்கள். 1951இல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டின் இறுதிப் போட்டியில், மேவாலால் அடித்த கோலில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம்.

ரஹீமின் பயிற்சி முறை வாத்தியாருடைய முறைதான். பலவீனமான காலால் மட்டும் அடிக்க வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஆளை ஏமாற்றக் கூடாது, வந்ததும் தட்டிவிட வேண்டும் என்று இன்னொரு போட்டி. நம் ஆட்டக்காரர்களுக்கு அன்று இருந்த பெரிய வியாதி, நாலு பேரைத் தாண்டிப் போய்க் கைதட்டு வாங்குவது. அதற்கு அவர் கொடுத்த மருந்து அது.

1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். எல்லோரும் சொல்லும் சாதனை இது. ஆசியாவிலிருந்து ஒரு அணி ஒலிம்பிக் அரையிறுதிக்குப் போனது அதுவே முதல் முறை, மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். முதல் சுற்றில் ஹங்கேரி விலகியதால் ஆடாமலே முன்னேறினோம். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்றோம். நெவில் டிசூசா மூன்று கோல். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக இரண்டாம் பாதியில் டிசூசா முதல் கோலை அடித்து நம்மை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அடுத்த சில நிமிடங்களில் அவர்கள் இரண்டு கோல் திருப்பி அடித்தார்கள். முடிவு 1-4. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3. ஆக, மொத்தம் ஒரே ஒரு வெற்றி. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. முன்வரிசையின் நடுவில் நிற்கும் செண்டர் ஃபார்வர்டைப் பின்னுக்கு இழுத்து ஆடவைக்கும் ஹங்கேரிய முறையை ரஹீம் அந்த அணிக்குக் கொண்டுவந்திருந்தார். 1953இல் வெம்ப்ளியில் இங்கிலாந்தை ஹங்கேரி 6-3 என்று கவிழ்த்த முறை அது. ஐரோப்பாவே வாயைப் பிளந்து பார்த்ததை மூன்றே வருடத்தில் ஹைதராபாத் வாத்தியார் ஒருவர் நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

என்னைக் கேட்டால் நம்முடைய சிறந்த அணி மெல்போர்ன் அணி இல்லை, 1960 ரோம் அணி. ஒரு ஆட்டமும் ஜெயிக்காத அணி. பிரிவில் ஹங்கேரி, பிரான்ஸ், பெரு. ஃப்ளோரியான் ஆல்பர்ட் ஆடிய ஹங்கேரியிடம் 1-2 என்றுதான் தோற்றோம். நம் கோல் துளசிதாஸ் பலராமுடையது. பிரான்ஸுடன் 1-1. அணித்தலைவர் பி.கே. பானர்ஜி கோல் போட்டு முன்னிலையில் இருந்தோம், கடைசிக் கட்டத்தில் அவர்கள் சமன் செய்தார்கள். பெருவிடம் 1-3. ஹங்கேரி அந்த முறை வெண்கலம் வாங்கியது. எட்டு வருடம் முன்பு பத்து கோல் வாங்கிய நாடு, ஐரோப்பிய அணிகளோடு ஒரு கோல் வித்தியாசத்துக்குள் நின்றது. ஆசியத் தங்கங்களைவிட இதுவே எனக்குப் பெரிய ஆதாரம். அதற்குப் பிறகு இன்றுவரை ஒலிம்பிக் கால்பந்துக்கு நாம் தகுதி பெறவே இல்லை.

அடுத்து 1962 ஜகார்த்தா. இதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 தோல்வி. தாய்லாந்தை 4-1 என்று வென்ற ஆட்டத்தில், பின்வரிசையின் தூணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானை 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தாகிவிட்டது. தையல் போட்ட தலையோடு ஒருவரைப் பின்வரிசையில் நிறுத்தினால், எதிரணி ஃபார்வர்டுகள் அவரைக் குறிவைத்தே உயரப் பந்து போடுவார்கள். ரஹீம் அவரைத் தூக்கி முன்வரிசையில், செண்டர் ஃபார்வர்டாக நிறுத்தினார். அது வீரத்தைக் காட்டுவதற்காகச் செய்த காரியமில்லை. முன்னால் நிற்பவர் எந்தப் பந்துக்குத் தலை கொடுப்பது என்று தானே முடிவு செய்யலாம், பின்னால் நிற்பவருக்கு அந்த வசதி கிடையாது. தெற்கு வியட்நாமுக்கு எதிரான அரையிறுதியில் 3-2 வெற்றி. சுனி கோஸ்வாமி இரண்டு, ஜர்னைல் ஒன்று.

இறுதிப் போட்டிக்கு முன் வேறொரு பிரச்சினை முளைத்தது. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா உள்ளே விடவில்லை. இது முறையல்ல என்று ஆசிய விளையாட்டுக் கூட்டமைப்பில் இருந்த ஜி.டி. சோந்தி குரல் கொடுத்தார். அவர் இந்தியர். அவ்வளவுதான், ஜகார்த்தாவில் இந்தியத் தூதரகத்தைக் கூட்டம் தாக்கியது. செப்டம்பர் 4ஆம் தேதி செனாயன் மைதானத்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர், நம் தேசிய கீதத்துக்கே கூச்சல். பாகிஸ்தான் ஹாக்கி அணிக்காரர்கள் மட்டும் நமக்காகக் கத்தினார்கள் என்று அந்த அணி வீரர்கள் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். எதிரே அதே தென் கொரியா. 17ஆவது நிமிடம் பி.கே. பானர்ஜி ஒரு கோல். 20ஆவது நிமிடம் ஜர்னைல் ஒரு கோல். ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் கொரியா ஒன்று போட்டது. 2-1.

அதிலும் அடக்கி வாசிக்க ஒரு விஷயம் உண்டு. மொத்தம் எட்டு அணிகள்தான், ஈரானும் இஸ்ரேலும் இல்லை. ‘ஆசியாவிலேயே முதல் அணி’ என்பதைவிட ‘ஆசியாவில் யாரோடும் மோதக்கூடிய அணி’ என்று சொல்வதே எனக்கு நியாயமாகப் படுகிறது.

ரஹீம் ஜகார்த்தாவுக்குப் போனபோதே நோயாளி. 1963 ஜூனில் புற்றுநோயில் இறந்தார். நீங்கள் கேட்ட ‘எப்படி இந்த நிலைக்கு வந்தது’ என்பதற்குப் பதில் இங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் ‘ரஹீம் போனார், எல்லாம் போயிற்று’ என்று முடிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பயிற்சியாளர் என்றால் ஒருநாள் போகத்தான் செய்வார்.

ஜப்பானைப் பாருங்கள். 1962இல் நம்மிடம் 0-2 என்று தோற்ற அணி. 1960இலேயே டெட்மர் கிராமர் என்ற ஜெர்மானியரை வரவழைத்திருந்தார்கள். அவர்களுக்கும் ஒரே ஒரு ஆள்தான் கிடைத்தார் என்பதைக் கவனியுங்கள். அந்த ஆள் சொன்னதை அவர்கள் அமைப்பாக மாற்றினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் அர்ஜென்டினாவை 3-2 என்று வென்றார்கள். அதோடு நிற்காமல், அவர் யோசனைப்படி மறு வருடமே நாடு முழுவதற்குமான லீக் தொடங்கிவிட்டது. 1968 மெக்ஸிகோ ஒலிம்பிக்கில் வெண்கலம். அவர்களின் கமாமோத்தோ ஏழு கோல் அடித்து, கோல் அடித்தவர்களில் முதலிடம். நம்மிடம் தோற்று ஆறே வருடம்.

நம் கதை என்ன? தேசிய லீக் 1996இல்தான் வந்தது. ஜப்பானுக்கு முப்பத்தொரு வருடம் பின்னால். அதுவரை கல்கத்தா லீக், டூரண்ட், ரோவர்ஸ் என்று அவரவர் கோப்பை அவரவருக்கு. உலகம் 90 நிமிடம் ஆடிக்கொண்டிருக்க, 1960கள் முழுக்க நம் உள்ளூர்ப் போட்டிகள் 70 நிமிடம்தான். எழுபது நிமிடத்துக்குப் பழகிய கால் மீதி இருபது நிமிடத்தில் என்ன செய்யும்? ரஹீமின் பலவீனக்கால் போட்டி எந்த மாநிலச் சங்கத்தின் பாடத்திட்டத்திலும் ஏறவில்லை. அவரிடம் ஆடியவர்களின் நினைவில் மட்டும் இருந்தது.

1969இல் ஃபிஃபா ஆசியாவுக்கென்று நடத்திய பயிற்சியாளர் வகுப்பு ஜப்பானில் நடந்தது. பாடம் எடுத்தவர் கிராமர். பி.கே. பானர்ஜி அங்கே போய்ப் படித்தார். ஏழு வருடம் முன்பு ஜகார்த்தாவில் தங்கம் வாங்கியவர், அங்கே தோற்றவர்களின் நாட்டுக்கு மாணவராகப் போனார். அடுத்த வருடம் பாங்காக் ஆசிய விளையாட்டில், அவரும் பயிற்சியாளராக இருந்த அணி ஜப்பானையே 1-0 என்று வென்று வெண்கலம் வாங்கியது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நாம் கடைசியாக வாங்கிய பதக்கம் அது. முறையாகக் கற்றால் பலன் வரும் என்பதற்கு நம் கையிலேயே சாட்சி இருந்தது. யாரும் தொடரவில்லை.

இடையில் 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் என்று பட்டியல் போடுவார்கள். நான்கே அணிகள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. சுனில் சேத்ரி காலம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் இப்போது இறங்கவில்லை.

நம் தமிழ் ஆட்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சுதந்திர இந்தியாவுக்கு ஒலிம்பிக்கில் முதல் கோல் போட்டவர் பெங்களூரிலிருந்து போன சாரங்கபாணி ராமன். 1948, லண்டனுக்குப் பக்கத்தில் இல்ஃபோர்டு, எதிரணி பிரான்ஸ். நம் அணியில் பெரும்பாலோர் வெறுங்கால். கிடைத்த இரண்டு பெனால்ட்டியையும் கோட்டைவிட்டு, கடைசி நிமிடங்களில் கோல் வாங்கி 1-2 என்று தோற்றோம். அங்கேயும் பூட்ஸ் நம்மைத் தோற்கடிக்கவில்லை பாருங்கள், பெனால்ட்டிதான்.

பீட்டர் தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத். கோல்கீப்பராக உருவானது நீலகிரியில், வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தில். செண்டர் ஃபார்வர்டாக ஆடிக்கொண்டிருந்த ஆளை அங்கேதான் கோலுக்கு மாற்றினார்கள். நல்ல உயரம். அவர் காலத்தில் அந்த ராணுவ அணி 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஜகார்த்தாவில் காய்ச்சலால் சில ஆட்டங்களைத் தவறவிட்டு, இறுதிப் போட்டிக்குத் திரும்பி வந்து கோல் காத்தவர் அவர்.

பலராம், செகந்திராபாத் அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பையன். பி.கே., சுனி, பலராம் என்று மூன்று பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். மூவரில் அதிகம் பேசப்படாதவர் இவர். உடல்நலம் கெட்டு 1963இல், இருபத்தாறு இருபத்தேழு வயதிலேயே ஆட்டத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் வாழ்ந்து 2023 பிப்ரவரியில் இறந்தார். சுனிக்கும் பி.கே.வுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பலராமுக்கு 1962இல் கொடுத்த அர்ஜுனா விருதோடு சரி.

அன்புடன்