ஐந்து கட்டுரை வந்தால் தேடல் முடிந்ததா?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஏஐ தேடல் வந்திருக்கிறது. கேள்வியை டைப் செய்தால் ஒரு பதிலும் ஐந்து கட்டுரைகளும் வருகின்றன. கண்மாய்ப் பாசனம் பற்றித் தேடினேன், பெரிதாக ஒன்றும் சிக்கவில்லை. யாரும் தொடாத தலைப்பு என்று இதையே ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா?
– முதுகலை மாணவி, மதுரை

பதில்: அவசரப்படாதீர்கள். நீங்கள் சொல்வது 2024-ல் வந்த பிரைமோ ரிசர்ச் அசிஸ்டென்ட் மாதிரியான கருவி என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியை அதுவே பல விதமாக மாற்றி எழுதித் தன் அட்டவணையில் தேடும், பொருத்தமாகத் தெரிகிற ஐந்தை எடுக்கும், அந்த ஐந்தின் ஆய்வுச்சுருக்கத்தை வைத்துப் பதில் எழுதிவிடும், அவ்வளவுதான். முழுக் கட்டுரையை அது படிப்பதில்லை. சில பதிப்பகங்களின் சரக்கு அதற்குள் வருவதே இல்லை.

அதிலும் கண்மாய்! குடிமராமத்து, மடை, கலிங்கு என்று கண்மாய் சார்ந்த சொற்களைத் தனித்தனியாகப் போட்டு, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையத் தொகுப்பான ஷோத்கங்காவில் தேடுங்கள், தமிழிலும் ஆங்கிலத்திலும். அப்புறம் துறை நூலகத்தில் தட்டச்சு செய்து பைண்டு போட்டு அடுக்கியிருக்கும் பழைய எம்ஃபில் ஆய்வேடுகளைப் புரட்டிப் பாருங்கள், ஸ்கேன் செய்யப்படாதது எந்த ஏஐக்கும் தெரியாது. 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவ்வளவு மெனக்கெட்டதால்தான், தேடிப் போன புத்தகத்துக்குப் பக்கத்தில் நிற்பது கண்ணில் பட்டு ஆய்வே திசை மாறிய கதையெல்லாம் நடக்கிறது. ஐந்து வரிப் பட்டியலில் பக்கத்துப் புத்தகம் ஏது? வகுப்பே ஒரே கேள்வியைக் கேட்டு ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் முன்னாய்வுப் பகுதியை ஒரே மாதிரி எழுதினால் வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் மாட்டுவது நீங்கள்தான். தொடக்கத்துக்குப் பயன்படுத்துங்கள், தப்பில்லை. தலைப்பை மட்டும் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: சுருக்கத்தைத் தாண்டினால் காசு கேட்கிறதே?
– அதே வாசகி

பதில்: உங்களுடையது அரசுப் பல்கலைக்கழகமா? அப்படியானால் காசு கட்டும் முன் நூலகரைப் பாருங்கள். 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் 2025 ஜனவரியில் தொடங்கிவிட்டது. 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 இதழ்களை மத்திய, மாநில அரசுக் கல்வி நிறுவனங்களில் படிக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள், பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தனியார் கல்லூரி என்றால் இப்போதைக்கு இதில் இடமில்லை. கட்டுரை எழுதியவருக்கே ஒரு மெயில் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள்.